டெக்கில் ஓடும் கொலை மர்மம்: ‘க்ளூ’ விசிஆர் விளையாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘க்ளூ விசிஆர் மிஸ்டரி கேம்’ என்றால் என்ன?

அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட விளையாட்டு. பிரிட்டனில் ‘க்ளூடோ’ என்றும் வட அமெரிக்காவில் ‘க்ளூ’ என்றும் விற்கும் கொலை மர்ம போர்டு கேம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் பாத்திரங்களுக்கு நடிகர்களைப் பிடித்து, காட்சி காட்சியாகப் படமெடுத்து, ஒரு விஎச்எஸ் வீடியோ கேசட்டில் பதிந்து, கூடவே துப்புச் சீட்டுகளையும் வைத்துப் பெட்டியில் போட்டு விற்றார்கள். காட்சியைப் பார்க்க வேண்டும், டெக்கை (கேசட் ஓட்டும் விசிஆர் கருவியை) நிறுத்த வேண்டும், கையிலிருக்கும் சீட்டை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், பிறகு மறுபடி ஓட்ட வேண்டும். போர்டு இருக்க வேண்டிய இடத்தை டிவி பிடித்துக்கொண்டது.

மூல விளையாட்டே தெரியாது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு பெரிய மாளிகை, அதில் ஒரு கொலை. யார் செய்தது, எந்த ஆயுதத்தால், எந்த அறையில் என்ற மூன்றையும் முதலில் கண்டுபிடிப்பவர் ஜெயிப்பார். சந்தேக நபர்கள் 6, ஆயுதங்கள் 6, அறைகள் 9. ஆக மொத்தம் 324 விடைகளுக்கு இடம் உண்டு. 21 சீட்டுகளில் வகைக்கு ஒன்றாக மூன்றை யாரும் பார்க்காமல் உறையில் போட்டுவிட்டு, மீதி 18-ஐ ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துத் தருவார்கள். “கர்னல் மஸ்டர்ட், கயிற்றால், நூலகத்தில்” என்று ஒருவர் ஊகம் சொன்னால், அடுத்தவரிடம் அந்த மூன்றில் ஏதாவது இருந்தால் ஊகம் சொன்னவருக்கு மட்டும் ரகசியமாகக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால், கடைசியில் எவரிடமும் இல்லாத மூன்றும் உறையில் இருப்பவை.

இதை உருவாக்கியவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த அந்தோனி பிராட். தொழிலால் பியானோ கலைஞர். இரண்டாம் உலகப் போரின்போது, விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊரே விளக்கணைத்து இருந்த இரவுகளில் உருவான யோசனை இது. போர்டை வரைந்தவர் அவருடைய மனைவி எல்வா. 1944 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். போருக்குப் பிந்தைய பொருள் தட்டுப்பாட்டால் லீட்ஸ் நகரின் வாடிங்டன்ஸ் நிறுவனம் 1949-இல்தான் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1953-இல் வெளிநாட்டு உரிமையை வெறும் 5,000 பவுண்டுக்கு பிராட் விட்டுக்கொடுத்துவிட்டார். அந்த ஒரு கையெழுத்தின் விலையை நினைத்தால் இன்றும் வயிறு எரியும்.

கேசட் ஒன்றுதானே? ஒரு தடவை பார்த்தால் கொலையாளி யாரென்று தெரிந்துவிடாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இந்த விளையாட்டின் சூட்சுமமே அதற்கான பதிலில்தான் இருக்கிறது.

விஎச்எஸ் டேப்புக்கு ஒரே வழிதான். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஓடும், அவ்வளவுதான். ஆட்டக்காரர் என்ன முடிவெடுத்தாலும் அது கிளை பிரிந்து வேறு காட்சிக்குத் தாவாது. அதே காலத்து லேசர் டிஸ்க்கில் (படம் பதிந்த பெரிய வட்டத் தட்டு) இது முடிந்தது. ஒரு பக்கத்தில் 54,000 சட்டங்கள் (தனித்தனிப் படங்கள், ஃபிரேம்கள்), ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, எதற்கு வேண்டுமானாலும் சில நொடிகளில் தாவலாம். ஆனால் லேசர் டிஸ்க் கருவி வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு. டெக் வைத்திருந்த வீடுகளோ வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தன.

எனவே டேப்பை மாற்ற முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, மாறும் வேலையை முழுக்கச் சீட்டுகளிடம் ஒப்படைத்தார்கள். டேப் ஒரு சாட்சி மாதிரி. எல்லோரும் என்னென்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு தடவையும் அதே வாக்குமூலத்தைத்தான் சொல்லும். அந்தச் செயல்களில் எது குற்றத்தோடு தொடர்புடையது என்பதை இந்த ஆட்டத்துக்கு வந்து விழுந்த சீட்டுகள் தீர்மானிக்கும். சீட்டு மாறினால் அதே காட்சிக்குப் பொருள் மாறும், கொலையாளியும் மாறுவார். ஒரே கேசட்டை வைத்துப் பல ஆட்டம் ஆட முடிந்தது இப்படித்தான்.

பெட்டியின் மேல் என்ன விளம்பரம் செய்தாலும், இதில் உண்மையில் ஊடாடுவது வீடியோ அல்ல, காகிதம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருந்த கருவியை வைத்து எடுத்த கெட்டிக்காரத்தனமான முடிவு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் சலிப்பே தட்டாதா?

தட்டும். விடைகளின் எண்ணிக்கை தீர்வதற்கு முன்பே உங்கள் ஞாபகம் ஆட்டத்தைக் கெடுத்துவிடும். யார் எந்த அறைக்குள் போனார், கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் மூன்று நான்கு ஆட்டங்களில் மனப்பாடமாகிவிடும். அதற்குப் பிறகு டேப்பைப் போட வேண்டிய அவசியமே இருக்காது. பழகியவரும் புதியவரும் சேர்ந்து ஆடினால் பழகியவர்தான் ஜெயிப்பார், சந்தேகமே வேண்டாம். மூல போர்டு கேமில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே மனப்பாடம் செய்ய எதுவும் கிடையாது, ஒவ்வொரு தடவையும் எல்லோரும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவார்கள்.

யார் யாரெல்லாம் இதில் வருகிறார்கள்?

கர்னல் மஸ்டர்ட், மிஸ் ஸ்கார்லெட், புரொஃபசர் பிளம், மிஸஸ் பீகாக், மிஸ்டர் கிரீன், மிஸஸ் ஒயிட் ஆகிய பழைய ஆறு பேரும் உண்டு. அவர்களோடு மிஸ் பீச், மேடம் ரோஸ், சார்ஜென்ட் கிரே, மஸ்யே புருனெட் என்று புதிதாக நான்கு பேரைச் சேர்த்தார்கள். இந்த நால்வரும் பிறகு 1988-இல் வந்த ‘க்ளூ மாஸ்டர் டிடெக்டிவ்’ என்ற பெரிய போர்டு பதிப்பிலும் இடம்பிடித்தார்கள். வீடியோவில் பிறந்தவர்கள் அட்டைக்குக் குடிபோனது வேடிக்கைதான். நடிப்பைப் பற்றிக் கேட்டால், வேண்டுமென்றே மிகையாக, நாடகத்தனமாக, கிண்டலாக எடுத்திருக்கிறார்கள். திகிலை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

இதே பெயரில் வந்த சினிமாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஜோனதன் லின் இயக்கிய ‘க்ளூ’ திரைப்படமும் 1985 டிசம்பரில்தான் வந்தது. அதனால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் தனித்தனித் தயாரிப்புகள், நடிகர்களும் வேறு வேறு.

ஆனால் இரண்டுக்கும் முன்னால் நின்ற கேள்வி ஒன்றே: ஒவ்வொரு தடவையும் விடை மாறும் விளையாட்டை, மாறாத படச்சுருளில் எப்படிப் பிடிப்பது? சினிமாக்காரர்கள் மூன்று முடிவுகளை எடுத்து, ஒரு தியேட்டருக்கு ஒரு முடிவு என்று அனுப்பினார்கள். மூன்றையும் பார்க்க மூன்று தடவை டிக்கெட் வாங்குவார்கள் என்ற கணக்கு. நடந்தது வேறு, எந்த முடிவு நல்ல முடிவு என்று தெரியாமல் பலர் ஒதுங்கிவிட்டார்கள். பிறகு வீட்டு வீடியோவாக வந்தபோது மூன்று முடிவுகளையும் அடுத்தடுத்து ஒட்டித் தந்தார்கள். படத்துக்கு உண்மையான ரசிகர் கூட்டம் அதன் பிறகுதான் சேர்ந்தது.

சரியாக 1985-இல் ஏன் இப்படி ஒரு யோசனை?

பார்க்கர் பிரதர்ஸ் 1883-இல் தொடங்கிய பழைய நிறுவனம், மோனோபோலியை விற்றவர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அட்டாரி கருவிக்கான வீடியோ கேம் கேட்ரிட்ஜ்களிலும் இறங்கியிருந்தார்கள். 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை தடாலென்று சரிந்தது. பிள்ளைகளோ டிவியை விட்டு நகர்வதாக இல்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டிவியையும் டெக்கையும் வைத்தே ஆடக்கூடிய ஒன்று கிடைத்தால் புதுக் கருவி எதையும் யார் தலையிலும் கட்ட வேண்டியதில்லை. கேசட் பதிவதற்கும் பெரிய செலவில்லை. அந்தச் சூழலில் இது வியாபாரப் புத்தியுள்ள யோசனைதான். இது விற்றதைப் பார்த்து மற்ற பொம்மை நிறுவனங்களும் கேசட் விளையாட்டுகளில் குதித்தன.

இரண்டாம் பாகம் உண்டா?

உண்டு. 1987-இல் ‘க்ளூ 2: மர்டர் இன் டிஸ்கைஸ்’ என்ற பெயரில் வந்தது.

ஆடும்போது டெக்கை ‘பாஸ்’ செய்துவிட்டுப் பேசலாமா?

செய்யாதீர்கள். ‘ஸ்டாப்’ அழுத்துங்கள்.

விஎச்எஸ் கருவிக்குள் படிக்கும் முனைகள் ஒரு உருளையில் பொருத்தப்பட்டிருக்கும். அமெரிக்க முறைக் கருவியில் அந்த உருளை நிமிடத்துக்கு 1,800 தடவை சுற்றும். பாஸ் செய்தால் டேப்தான் நிற்கிறது, உருளை நிற்பதில்லை. திரையில் படத்தை அசையாமல் காட்டுவதற்காக அது டேப்பின் அதே இடத்தை மறுபடி மறுபடி உரசிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் வாதாடினால் 9,000 சுற்று. டேப்பின் பூச்சும் தேயும், முனையும் அழுக்காகும். இதனால்தான் பெரும்பாலான டெக்குகள் சில நிமிடங்களில் தாமாகவே பாஸிலிருந்து ஸ்டாப்புக்குப் போய்விடும். “மிஸஸ் பீகாக்தான், எனக்கு நிச்சயம்” என்று ஒருவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது டிவி சட்டென்று வெறும் இரைச்சலுக்குப் போனால் பயப்பட வேண்டாம், கருவி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஸ்டாப் செய்து மறுபடி ஓட்டும்போது முதல் சில நொடிகள் படம் நடுங்கும். கொஞ்சம் ரீவைண்ட் செய்து ஓட்டினால் எதுவும் தவறிப்போகாது. பழைய டெக்குகளின் நான்கு இலக்கக் கவுண்டரை நம்பிக் காட்சிகளைத் தேட வேண்டாம். அது நேரத்தை அல்ல, சுருள் சுற்றிய கணக்கைக் காட்டுவது. கருவிக்குக் கருவி மாறும்.

அமெரிக்காவிலிருந்து பழைய பிரதி வரவழைத்தால் இந்தியாவிலோ இலங்கையிலோ ஓடுமா?

சாதாரண டெக்கில் சரியாக ஓடாது. அமெரிக்க கேசட்டுகள் என்டிஎஸ்சி முறையில் பதியப்பட்டவை: 525 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் எல்லாம் ‘பால்’ முறை: 625 வரிகள், 25 சட்டங்கள். பால் மட்டும் தெரிந்த டெக்கில் என்டிஎஸ்சி கேசட்டைப் போட்டால் படம் உருளும், நிறம் போய்விடும், குரலும் கெட்டுப்போகும். இரண்டும் படிக்கும் ‘மல்டி சிஸ்டம்’ டெக் வேண்டும். எண்பதுகளில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வந்த டெக்குகளில் சில இந்த ரகம். வீட்டுப் பரணில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் முன்பக்கமோ பின்பக்கமோ என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கனடாவில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, அங்கேயும் என்டிஎஸ்சிதான்.

புதிதாக டெக் வாங்கலாம் என்ற நினைப்பு வேண்டாம். கடைசி வரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது.

வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சீட்டுகள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கேசட் போனாலும் சமாளிக்கலாம், ரசிகர்கள் அந்தக் காட்சிகளை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சீட்டு போனால் ஆட்டமே போச்சு. ஒரு சீட்டு குறைந்தாலும் ஏதோ ஒரு ஆட்டம் பாதியில் தொங்கும். விதிப்புத்தகமும் இருக்க வேண்டும்.

அடுத்து, கேசட்டின் கண்ணாடி வழியாகச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. சென்னை, கொழும்பு மாதிரி ஈரப்பதமான ஊர்களில் இது சீக்கிரம் வரும். அந்தக் கேசட்டைக் கருவிக்குள் விட்டால் பூஞ்சை முனைகளுக்கும், அங்கிருந்து அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். உங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட்டும் அதே டெக்கில்தான் ஓடும் என்பதை மறக்காதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் ஒரே ஒரு தடவை ஓட்டி, கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டு, பிறகு அந்தக் கோப்பை வைத்தே ஆடுங்கள். பாஸ் பிரச்சினையும் தீர்ந்தது.

‘நைட்மேர்’ என்ற இன்னொரு கேசட் விளையாட்டும் இதே மாதிரிதானா?

நேர் எதிர். 1991-இல் ஆஸ்திரேலியாவில் வந்த நைட்மேரில் (பின்னாளில் ‘அட்மாஸ்ஃபியர்’) டேப்பை நிறுத்தவே கூடாது. போர்டில் ஆட்டம் நடந்துகொண்டிருக்க, பக்கத்தில் டிவியில் ஒரு மணிநேரக் கடிகாரம் ஓடும். நடுநடுவே ‘கேட்கீப்பர்’ என்ற கோரமான ஆசாமி திடீரென்று திரையில் தோன்றி, “யாருடைய முறை இப்போது?” என்று அதட்டி, தண்டனை கொடுப்பார்.

முன்னே மட்டும் ஓடும் டேப்பை வைத்து இரண்டு விதமாக ஆடலாம். நிறுத்தி நிறுத்தி ஆராய்வது ஒன்று, அதை ஒரு கடிகாரமாக ஓடவிட்டு அதோடு போட்டி போடுவது மற்றொன்று. என்னைக் கேட்டால் டேப்பின் இயல்புக்கு நைட்மேர்தான் பொருத்தம். ஒரே வழியில் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற குறையையே அது பயமாக மாற்றிவிட்டது. க்ளூவின் துப்பறிதலுக்கு அது ஒத்துவராது என்பது வேறு விஷயம். மிரட்டலுக்கு நடுவே யாராலும் கணக்குப் போட முடியாது.

டிவிடி காலத்தில் இது மேம்பட்டதா?

தொழில்நுட்பம் மேம்பட்டது. எந்தச் சாதாரண டிவிடி கருவியிலும் 16 சிறு நினைவகங்களும், தற்செயலாக ஒரு எண்ணை எடுக்கும் கட்டளையும் உண்டு. எந்தக் காட்சி அடுத்து வரலாம், எந்தத் துப்பைக் காட்டலாம் என்று கருவியே தேர்ந்தெடுக்க முடிந்தது. 2000-களின் நடுவில் வந்த க்ளூ டிவிடி பதிப்பு அதைப் பயன்படுத்திக்கொண்டது. அதில் கொலை இல்லை, திருட்டு. யார், எதை, எங்கே, எப்போது என்று நான்கைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனாலும் எனக்கு அதில் ஒரு மனக்குறை. துப்பைச் சொல்லும் பொறுப்பு கருவியிடம் போனதும், எல்லோரும் ரிமோட் வைத்திருப்பவரின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சீட்டு கையில் இருந்தபோது ஆளுக்கொரு ரகசியம் இருந்தது.

போர்டு கேமா, வீடியோவா? எது நல்லது?

இரண்டும் வேறு திறமையைக் கேட்கின்றன. போர்டில் முக்கியம் கழித்துக்கட்டும் கணக்கும், அடுத்தவர் என்ன கேட்கிறார் என்பதை வைத்து அவர் கையில் இருப்பதை ஊகிப்பதும். வீடியோவில் முக்கியம் கண். பின்னணியில் ஒருவர் கோப்பையை எந்த மேசையில் வைத்தார் என்று கவனித்தவருக்குத்தான் லாபம். கணக்கில் பின்தங்கும் பெரியவர்கள் வீடியோவில் எல்லோரையும் தோற்கடிப்பார்கள். மாமியார்களின் பார்வைக்கு எதுவும் தப்பாது. இருந்தாலும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் போர்டையே வாங்குங்கள். காரணம் மேலே சொன்ன ஞாபகப் பிரச்சினைதான்.

நாமே வீட்டில் இப்படி ஒன்று எடுக்க முடியுமா?

தாராளமாக. ஒரு செல்போன், நான்கு சொந்தக்காரர்கள், 12 துண்டுச் சீட்டுகள் போதும். பார்க்கர் பிரதர்ஸ் விதிகளை அப்படியே எடுக்காமல், அதே தத்துவத்தில் எளிமையாக ஒன்றைச் சொல்கிறேன்.

நான்கு பேரை இரண்டு அடையாளங்களால் பிரியுங்கள். பெரியப்பா: காபி, மூக்குக்கண்ணாடி. அத்தை: காபி, கண்ணாடி இல்லை. சித்தி: டீ, கண்ணாடி. மாமா: டீ, கண்ணாடி இல்லை. இப்போது ‘கொலையாளி டீ குடித்தவர்’, ‘கொலையாளி கண்ணாடி போட்டவர்’ என்ற இரண்டு சீட்டுகள் சேர்ந்தால் சித்தி மாட்டிக்கொள்வார். ‘டீ’க்குப் பதில் ‘காபி’ சீட்டு வந்தால் பெரியப்பா.

அறைகளுக்கும் இப்படியே: விளக்கு எரிந்ததா இல்லையா, ஜன்னல் திறந்ததா மூடியதா. நான்கு அறைகள் ஆயிற்று. ஆயுதங்களுக்கு அம்மிக்குழவி, அரிவாள்மனை, கயிறு, இரும்புக் கம்பி என்று வைத்துக்கொண்டு, துணியில் சுற்றியதா இல்லையா, மேசை மேலா தரையிலா என்று பிரிக்கலாம். மொத்தம் ஆறு ஜோடிச் சீட்டுகள். ஜோடிக்கு ஒன்றாகப் பார்க்காமல் ஆறு எடுத்தால் 64 விடைகளில் ஏதோ ஒன்று உருவாகும். எடுக்காத ஆறையும் மூடி ஓரமாக வையுங்கள். எடுத்த ஆறைக் கலைத்து மூன்று பேருக்கு இரண்டிரண்டாகக் கொடுங்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் ஒவ்வொருவரும் தன் சீட்டில் ஒன்றைத் தான் விரும்பும் ஒருவருக்கு மட்டும் காட்ட வேண்டும். விடையை முதலில் சரியாக எழுதித் தருபவர் ஜெயித்தார். எழுதியது தப்பானால் அவர் வெளியே.

படம் எடுக்கும்போது இரண்டு விஷயம். அடையாளங்களை வசனத்தில் சொல்லிவிடக் கூடாது. “எனக்கு ஒரு காபி” என்று அத்தை கேட்டால் கண்ணுக்கு வேலையில்லை. டம்ளரும் டபராவும் ஓரத்தில் தெரிந்தால் போதும். இன்னொன்று, எல்லோரும் ஒரே அளவு திருட்டு முழி முழிக்க வேண்டும். மாமா மட்டும் வில்லன் சிரிப்பு சிரித்தால், சீட்டு என்ன சொன்னாலும் கூட்டம் அவரைத்தான் பிடிக்கும். சில ஆட்டங்களில் எல்லோருக்கும் மனப்பாடமானதும் பாத்திரங்களை மாற்றி வேறு காட்சி எடுங்கள். பார்க்கர் பிரதர்ஸால் செய்ய முடியாத காரியம் இது, உங்களுக்கு அரை மணிநேர வேலை.

பிள்ளைகளோடு ஆடலாமா?

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். மூல வீடியோ ஆங்கிலத்தில் வேகமாகப் பேசும். சிறியவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டியிருக்கும். வீட்டுப் படத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ‘கொலை’ என்ற சொல் சங்கடமாக இருந்தால், டிவிடிக்காரர்கள் செய்தது போலத் திருட்டாக மாற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து காணாமல் போன மைசூர்பாகை யார் எடுத்தது என்று கேட்டால் பிள்ளைகள் இன்னும் தீவிரமாக விசாரிப்பார்கள்.